தைராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளை விமானி ஆக முடியுமா? மருத்துவச் சான்றிதழ் பற்றி பெற்றோர் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடித்த மகள் பைலட் ஆக வேண்டும் என்கிறாள். வாப்பா நாலு இடத்தில் விசாரிக்கிறார். பயிற்சிப் பள்ளி, கட்டணம், விசா என்று எல்லாம் பேசி முடியும் நேரத்தில் உம்மா மெதுவாகக் கேட்கிறார்: "இவளுக்கு ரெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை கொடுக்குறோமே, அது பிரச்சினை ஆகாதா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்போது உறவினர் ஒருவர் சொல்கிறார்: "அதையெல்லாம் போய் ஏன் சொல்லிக்கிட்டு? டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாத்திரையை நிறுத்திட்டா போச்சு."

நம் வீடுகளில் இப்படி ஓர் உரையாடல் நடப்பது புதிதல்ல. ஒரு சில குடும்பங்கள் பயந்துபோய் பிள்ளையின் ஆசையையே முடித்துவிடுகின்றன. வேறு சில குடும்பங்கள் அந்த உறவினர் சொன்ன வழியில் போகின்றன. இரண்டுமே தவறு. ஏன் தவறு, சரியான வழி எது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் சுருக்கமான பதில்

தைராய்டு சுரப்பு குறைவாக இருந்து, மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருந்தால், அது பொதுவாக விமானி ஆவதற்குத் தடை இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு வழி சற்று நீளம். ஆனால் சிகிச்சை முடிந்து நிலைமை சீரான பிறகு அவர்களுக்கும் கதவு மூடப்படுவதில்லை. சான்றிதழ் மறுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான்: நோய் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பது, உரிய ஆவணங்கள் கையில் இல்லாமல் இருப்பது. கிடைத்த சான்றிதழ் பிற்பாடு பறிபோக மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது மறைத்தல்.

தைராய்டுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு?

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சுரப்பி. அது டி3, டி4 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடலின் ஒவ்வொரு உறுப்பும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச் என்ற ஹார்மோனை அனுப்பி தைராய்டை வேலை வாங்குகிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் டி.எஸ்.எச் ஏறும், அதிகமாகச் சுரந்தால் டி.எஸ்.எச் இறங்கும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் இந்தப் பரிசோதனையை எழுதுகிறார்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் பெரியவர்களுக்கான இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும்.

சுரப்பு குறைந்தால் சோர்வு, தூக்கம், மறதி, யோசனையில் மந்தம், எடை கூடுதல், குளிர் தாங்க முடியாமை, நாடித் துடிப்பு குறைதல் ஆகியவை வரும். இவை திடீரென்று வருவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமல் போகலாம். வீட்டில் இருப்பவருக்கு இது வெறும் அசதி. ஆனால் இரவு விமானத்தை மழையில் தரையிறக்கும் ஒருவருக்கு, ஒரு முடிவெடுக்க இரண்டு நொடி கூடுதலாக ஆனாலும் ஆபத்துதான்.

சுரப்பு அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். இதில் விமான மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இதயத்தைப் பற்றி. கட்டுப்பாடில்லாத தைராய்டு மிகைச் சுரப்பு, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடக்கூடும். கிரேவ்ஸ் நோய் என்ற வகையில் கண்களும் பாதிக்கப்படலாம். கண் முன்னே பிதுங்கும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். விமானிக்கு இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மருத்துவச் சான்றிதழ் தரும் டாக்டருக்கு நோயின் பெயரைவிட முக்கியமான கேள்விகள் வேறு: இன்று இந்த நபரின் ஹார்மோன் அளவு சீராக இருக்கிறதா? அறிகுறி ஏதும் உண்டா? இதயம், கண், மனத்தெளிவு நன்றாக உள்ளனவா? நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்ப ஆதாரம் உண்டா?

எல்லா நாடுகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்

1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் வழியே உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகளின் உடல் தகுதிக்கு அடிப்படை விதிகளை வகுத்துள்ளது. நாளமில்லாச் சுரப்பிகள் தொடர்பான நோய், பாதுகாப்பாக விமானம் ஓட்டுவதைப் பாதிக்கக்கூடியதாக இருந்தால் அவர் தகுதியற்றவர் என்பதுதான் அதன் சாரம். "பாதிக்கக்கூடியதாக இருந்தால்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். தைராய்டு என்ற பெயரைக் கேட்டதும் யாரையும் வெளியே அனுப்பும்படி விதி சொல்லவில்லை. இதை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு நாடும் தன் நடைமுறையை அமைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் எப்படி?

பயிற்சிக்காக அமெரிக்கா செல்லும் நம் பிள்ளைகள் கணிசமாக உள்ளனர். அங்கேயே குடியேறிய குடும்பங்களும் உண்டு. தைராய்டு பற்றிய நடைமுறையை விளக்கமாக எழுதி வெளியிட்டிருப்பதும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.தான். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

அங்கே மூன்று வகுப்புச் சான்றிதழ்கள் உள்ளன. விமான நிறுவனத்தில் கேப்டனாகப் பறக்க முதல் வகுப்பு, ஊதியம் பெற்றுப் பறக்க இரண்டாம் வகுப்பு, மாணவருக்கும் சொந்தத்துக்குப் பறப்பவருக்கும் மூன்றாம் வகுப்பு. விண்ணப்பதாரர் முதலில் மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையப் பக்கத்தில் தன் உடல்நல விவரங்களைப் பூர்த்தி செய்ய வேண்டும். பிறகு எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த விமான மருத்துவரிடம் நேரில் போக வேண்டும்.

அந்தப் படிவத்தில் மூன்று கேள்விகள் நமக்கு முக்கியம். 17-ஆவது கேள்வி, இப்போது சாப்பிடும் மருந்துகள் பற்றியது. 18-ஆவது, வாழ்நாளில் எப்போதாவது இருந்த நோய்கள் பற்றியது. 19-ஆவது, கடந்த 3 ஆண்டுகளில் பார்த்த டாக்டர்கள் பற்றியது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் இந்த மூன்றிலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

தைராய்டு குறைச் சுரப்பை எஃப்.ஏ.ஏ. ஒரு தனிப் பட்டியலில் வைத்துள்ளது. மேலிடத்துக்கு அனுப்பாமல் விமான மருத்துவரே அன்றைக்கே சான்றிதழ் தரக்கூடிய நோய்களின் பட்டியல் அது. அதற்கு உள்ள நிபந்தனைகள் கடினமானவை அல்ல:

1. சிகிச்சை தரும் டாக்டர், நிலைமை சீராக இருக்கிறது, மருந்தில் மாற்றம் தேவையில்லை என்று எழுதித் தர வேண்டும்.
2. சோர்வு, மனத்தெளிவுக் குறைவு, நுரையீரல், இதயம், பார்வை தொடர்பான அறிகுறிகள் இருக்கக் கூடாது.
3. மருந்து அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாகத் தரப்படும் லெவோதைராக்சின் அனுமதிக்கப்பட்டதே.
4. அண்மையில் எடுத்த டி.எஸ்.எச் பரிசோதனை இயல்பாக இருக்க வேண்டும்.

இந்தத் தாள்களோடு போனால் வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். தாள் இல்லாமல் போனால், அதே நபரின் கோப்பு முடிவுக்காக எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்பப்படலாம். பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். வெளிநாட்டில் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும் மாணவருக்கு அந்தக் காத்திருப்பு பெரிய செலவு.

மிகைச் சுரப்புக்கு இந்த எளிய வழி கிடையாது. முதல் தடவை எஃப்.ஏ.ஏ.தான் ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்யும். திருப்தியாக இருந்தால் சிறப்பு அனுமதியின் பேரில் சான்றிதழ் தரும். அடுத்தடுத்த தடவைகளில், சிகிச்சை விவரமும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால், விமான மருத்துவரே புதுப்பித்துத் தர வாய்ப்புண்டு.

ஐரோப்பாவில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல் சுருக்கமானது. மிகைச் சுரப்பானாலும் குறைச் சுரப்பானாலும், ஹார்மோன் அளவு இயல்புக்கு வந்து, அந்த நிலை நிலைத்த பிறகே தகுதி பற்றிப் பரிசீலிக்கப்படும். நோய் கண்டுபிடித்த வாரமே ஓடிப்போய் பரிசோதனைக்கு நிற்பதில் பயன் இல்லை என்பது இதிலிருந்து புரிகிறது.

இந்தியாவில் எப்படி?

இந்தியாவில் பொறுப்பு டி.ஜி.சி.ஏ. என்ற சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துடையது. மாணவர் உரிமத்துக்கும் தனியார் விமானி உரிமத்துக்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு வேண்டும். முதலில் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள டாக்டரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை நடக்கும். அதன் பிறகே முதல் வகுப்புக்குப் போக வேண்டும்.

முதல் வகுப்புக்கான முதல் பரிசோதனை நெடுங்காலமாக இந்திய விமானப்படையின் மருத்துவ மையங்களில் நடந்துவந்தது. பெங்களூருவில் உள்ள விண்வெளி மருத்துவ நிறுவனமும் டெல்லியில் உள்ள மையமும் இதில் பலரும் அறிந்தவை. இன்றைய தேதியில் எந்தெந்த மையங்களில், எந்தெந்த டாக்டர்களிடம் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்ற பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் இருக்கும். பட்டியல் மாறக்கூடியது, எனவே பழைய தகவலை நம்பாமல் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பல குடும்பங்களைக் கலங்கடிக்கும் ஒரு சொல் உண்டு: "தற்காலிகமாகத் தகுதியற்றவர்." இந்தத் தாளைக் கையில் வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் பொருள், இன்று நிலைமை சரியில்லை, சரிசெய்துகொண்டு உரிய ஆவணங்களோடு மீண்டும் வாருங்கள் என்பதுதான். தைராய்டைப் பொறுத்தவரை இந்தக் காலத்தை மருந்தின் அளவைச் சரிசெய்யப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் எந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது, எந்தப் பரிசோதனை கேட்கப்பட்டிருக்கிறது என்பதை வரி வரியாகப் படித்து, அதைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் காட்டுங்கள். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

பரிசோதனைக்கு முன் ஆறு மாத வேலை

சான்றிதழ் பரிசோதனை ஒரு நாளில் நடக்கலாம். ஆனால் தைராய்டு இருப்பவர் அதற்கு ஆறு மாதம் முன்பே தயாராவது நல்லது. காரணம் எளிது. லெவோதைராக்சின் உடலில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகக் குறையும் மருந்து. அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே மருந்தின் அளவை மாற்றினால், பலன் டி.எஸ்.எச் பரிசோதனையில் சரியாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். ஒரு தடவை மாற்றி, பார்த்து, மறுபடி மாற்றினால் நான்கு மாதம் ஓடிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. "ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திட்டா போச்சு" என்ற யோசனையில் அர்த்தமே இல்லை. இரண்டு நாள் நிறுத்தினால் பரிசோதனையில் பெரிதாக எதுவும் மாறாது. இரண்டு மாதம் நிறுத்தினால் டி.எஸ்.எச் ஏறி, இல்லாத பிரச்சினையை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

அதேபோல், "டெஸ்ட் நார்மல் ஆகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துவதும் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பெரும்பாலானோருக்கு மாத்திரையால்தான் அளவு நார்மலாக இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

முடி உதிர்வுக்காகப் பலர் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். கடற்பாசி, அயோடின் கலந்த சத்து மாத்திரைகளையும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். முடிந்தவரை ஒவ்வொரு தடவையும் ஒரே ஆய்வகத்தில், அன்றைய மாத்திரையைச் சாப்பிடும் முன் ரத்தம் கொடுங்கள். அப்போதுதான் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட முடியும்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஒரு கோப்பு போட்டு இவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள்:

1. சிகிச்சை தரும் டாக்டரின் கடிதம். முடிந்தால் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் வாங்குங்கள். நோய் எது, எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, காரணம் என்ன, மருந்தின் பெயரும் அளவும், இந்த அளவில் எவ்வளவு காலமாக இருக்கிறார், அறிகுறியும் பக்கவிளைவும் உண்டா, அடுத்த பரிசோதனை எப்போது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். "தைராய்டு இருக்கிறது, நலமாக உள்ளார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது.
2. டி.எஸ்.எச், டி4 பரிசோதனை முடிவுகள். கடைசி ஒன்று மட்டும் போதாது. கடந்த இரண்டு ஆண்டுக்கானவை இருந்தால் நிலைமை சீராக இருப்பது ஒரு பார்வையில் தெரியும்.
3. தைராய்டு எதிர்ப்பணு பரிசோதனை, கழுத்து ஸ்கேன் செய்திருந்தால் அவற்றின் முடிவுகள்.
4. அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடின் சிகிச்சையோ நடந்திருந்தால், மருத்துவமனை தந்த முழு விவரத் தாள்.
5. மிகைச் சுரப்பு இருந்தவர்களுக்கு இ.சி.ஜி., தேவைப்பட்டால் இதய நிபுணரின் அறிக்கை; கண் பாதிப்பு இருந்திருந்தால் கண் மருத்துவரின் அறிக்கை.

இன்னொரு சிறு விஷயம் நம் சமுதாயத்தில் பெரிய தலைவலி ஆகிறது. அது பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து முறை, ஆய்வகத் தாளில் இன்னொன்று, டாக்டர் சீட்டில் வெறும் "பானு" அல்லது "எம்.டி." என்று இருக்கும். ஒரே ஆளின் தாள்கள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். இன்றிலிருந்தே எல்லாப் பரிசோதனைக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை, அதே எழுத்தில், பிறந்த தேதியோடு கொடுக்கப் பழகுங்கள்.

ரமலானில் மாத்திரை

லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுக்க வேண்டும். டீ, காபி, பால் கூட அதன் உறிஞ்சலைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். மற்ற மாதங்களில் காலையில் எழுந்ததும் எடுத்துவிடுகிறோம். ரமலானில் பலர் செய்வது, நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், கஞ்சி, வடையோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வது. ஒரு மாதம் இப்படிப் போனால் மருந்து சரியாகச் சேராமல் டி.எஸ்.எச் ஏறலாம். பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் விமான மருத்துவரிடம் போகிறவருக்கு இதுவே போதும், கோப்பு தாமதமாக.

டாக்டரிடம் கேட்டு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்:

ஒன்று, இரவில் தூங்கும் முன். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தராவீஹ் முடிந்து வந்து மறுபடி சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

இரண்டு, ஸஹருக்கு எழுந்ததும். கண் விழித்த உடனே தண்ணீரோடு மாத்திரையை எடுத்துவிட்டு, தஹஜ்ஜுத் தொழுது, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து ஸஹர் சாப்பிடலாம். இதற்கு வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக எழ வேண்டியிருக்கும்.

எந்த வழியானாலும் மாதம் முழுவதும் அதையே தொடருங்கள். சான்றிதழுக்கான ரத்தப் பரிசோதனையை முடிந்தால் ரமலானுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. நோன்போடு விமானம் ஓட்டுவது வேறு கேள்வி. அதில் பயிற்சிப் பள்ளியின் விதியையும், நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கம் தந்துள்ள சலுகையையும் அறிந்து, ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய ஒரு மருந்து

இந்தியாவில் தைராய்டு குறைச் சுரப்புக்கு வழக்கமாகத் தரப்படும் லெவோதைராக்சின், வேதியியல் முறையில் தயாரிக்கப்படும் ஹார்மோன். ஆனால் அமெரிக்காவில் சில டாக்டர்கள் "இயற்கைத் தைராய்டு" என்ற பெயரில், பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திச் செய்த மாத்திரையை எழுதுவதுண்டு. ஆர்மர் தைராய்டு அந்த வகையைச் சேர்ந்தது. எஃப்.ஏ.ஏ. அதையும் அனுமதிக்கிறது என்பதால் விமான மருத்துவர் நம்மை எச்சரிக்க மாட்டார். நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லெவோதைராக்சின் எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு என்பதால், அதையே எழுதித் தரும்படி டாக்டரிடம் சொல்லலாம்.

மறைத்தால் என்ன ஆகும்?

எஃப்.ஏ.ஏ. படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது: தெரிந்தே பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது வெறும் மிரட்டல் அல்ல. முன்னாள் ராணுவத்தினருக்கான உதவித்தொகைப் பதிவேட்டில் ஒரு நோயைச் சொல்லி, எஃப்.ஏ.ஏ. படிவத்தில் அதைச் சொல்லாமல் விட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட ஏறக்குறைய 5,000 விமானிகள் மீது விசாரணை நடந்தது 2023-இல் வெளியே வந்தது. இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டதில் அது தெரியவந்தது. மருத்துவமனைக் கணினியிலும் காப்பீட்டுக் கோப்பிலும் உள்ள ஒரு விவரம் என்றைக்காவது ஒரு நாள் எதிரே வந்து நிற்கும்.

தைராய்டை மறைப்பதில் உள்ள பரிதாபம் என்னவென்றால், சொல்லியிருந்தால் ஒரு கடிதத்தோடும் ஒரு ரத்தப் பரிசோதனையோடும் முடிந்திருக்கக்கூடிய விஷயம் இது. மறைத்துவிட்டால், தைராய்டு தடையாக இல்லாவிட்டாலும் பொய்யே தடையாகிவிடும். அதோடு, மறைத்தவர் மருந்தையும் மறைந்தே சாப்பிட வேண்டும். உடம்பு சரியில்லாதபோது விமான மருத்துவரிடம் மனம் விட்டுக் கேட்க முடியாது. இருபது முப்பது ஆண்டு வேலையை இந்தப் பயத்தோடு எப்படிச் செய்வது?

விமானி கையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் அமானிதமாக ஒப்படைக்கப்படுகின்றன. அந்த வேலைக்கான முதல் தாளிலேயே பொய் எழுதச் சொல்லி நம் பிள்ளைக்குக் கற்றுத்தரலாமா என்பதைப் பெற்றோர்தான் யோசிக்க வேண்டும்.

சான்றிதழ் கிடைத்த பின்பும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. தாள் செல்லுபடியாகும் காலம் இருந்தாலும், உடல்நிலை மாறிவிட்டது என்று தெரிந்தால் பறக்கக் கூடாது. மருந்தின் அளவு மாறினால், மீண்டும் சோர்வோ படபடப்போ வந்தால், விமான மருத்துவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே விமானத்தில் ஏற வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

தைராய்டு பிரச்சினை ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். இந்திய விமானிகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம். உலக அளவில் இது மிக உயர்ந்த விகிதம். ஆகவே தைராய்டு மாத்திரையோடு விமானம் ஓட்டும் பெண் என்பது அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் மகளின் தைராய்டை மறைக்க வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால்?" என்ற பயம். இதனால் சில பெண் பிள்ளைகளுக்கு முறையான சிகிச்சையே நடப்பதில்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். பரிசோதனைத் தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். பிறகு பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்று கேட்கும்போது, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு தாள்கூட இருக்காது. கருவுற்ற காலத்தில் தைராய்டு மருந்தின் தேவை கூடும் என்பதால், விமானி ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதிவுகள் தேவைப்படும். மறைப்பதால் பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்

வணிக விமானி பயிற்சிக்குப் பல லட்சங்கள் செலவாகும். நகையை விற்றும், சொந்தபந்தத்தில் கைமாற்று வாங்கியும் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. எனவே எந்த அகாடமிக்கும் முன்பணம் கட்டும் முன், முதல் வகுப்பு மருத்துவத் தகுதியை வாங்கிவிடுங்கள். இரண்டாம் வகுப்பு கிடைத்துவிட்டதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். வேலைக்குத் தேவை முதல் வகுப்பு. வெளிநாட்டில் பயின்றுவிட்டு இந்தியாவில் வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு இரு நாட்டுத் தகுதியும் வேண்டும் என்பதால், இந்தியப் பரிசோதனையை விமானம் ஏறும் முன்பே முடிப்பது நல்லது. "மெடிக்கலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்தத் தாளை டி.ஜி.சி.ஏ. தவிர வேறு யாரும் தர முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பிள்ளையின் பழைய தைராய்டுத் தாள்களைத் தேடி எடுங்கள். டி.எஸ்.எச் பரிசோதனை செய்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் புதிதாக ஒன்று எடுங்கள். சிகிச்சை தரும் டாக்டரிடம் போய், "இவள் விமானி ஆக விரும்புகிறாள், மருத்துவச் சான்றிதழுக்கு விவரமான கடிதம் வேண்டும்" என்று திறந்து சொல்லுங்கள். மேலே உள்ள பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு சரியாக இருந்தால் விமான மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். சரியாக இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் சரிசெய்துகொண்டு போங்கள்.

உண்மையைச் சொல்லி, ஆறு மாதம் தாமதமாகக் கிடைத்தாலும், அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை நிம்மதியாகப் பறக்கலாம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் நல்ல முயற்சிகளை எளிதாக்கித் தருவானாக.